டிப்ஸ் வைக்கிறோமா, முதலாளி தர வேண்டிய சம்பளத்தைக் கட்டுகிறோமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

டிப்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே பத்து சதவீதமா இருபதா என்பதோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தப் பணம் யாருடைய சுமையைக் குறைக்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து அதே தொகைதான். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். அது 1991-லிருந்து ஒரு சென்ட் கூட ஏறவில்லை. நடுவில் உள்ள 5.12 டாலரை டிப்ஸ் ஈடுகட்டிவிடும் என்று கணக்கு. ஈடுகட்டாவிட்டால் குறையும் தொகையை முதலாளி போட்டுத் தர வேண்டும்.

இப்போது இதைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். வாரம் முழுக்க யாருமே டிப்ஸ் வைக்காவிட்டால் முதலாளி மணிக்கு 7.25 கொடுத்தாக வேண்டும். வைத்தால் 2.13-ஓடு தப்பிக்கலாம். ஆக, மணிக்கு முதல் 5.12 டாலர் டிப்ஸ் சர்வரின் பையில் விழுந்தாலும் மிச்சமாவது முதலாளிக்கு. அதற்கு மேல் விழுவதுதான் நாம் சர்வருக்குக் கொடுப்பது.

டிப்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. மனசார ஒருவர் கொடுப்பதை யார் தடுப்பது? அது கூலிக் கணக்கில் நுழையக் கூடாது, அவ்வளவுதான். வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்லுங்கள்.

மழைக்காகம் எழுதியது:

கணக்கு சரிதான் அண்ணா. ஆனால் இதைப் படித்துவிட்டு "அப்போ நான் வைக்காமல் போனால் முதலாளி கொடுத்துவிடுவார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். குறைகிறதா இல்லையா என்று பார்ப்பது ஒரு வார மொத்தத்தை வைத்து. ஒரு மேசை கைவிரித்தால் அந்தச் சராசரி 7.25-க்குக் கீழே போய்விடாது. முதலாளிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அடி முழுக்க சர்வருக்கு.

நான் அமெரிக்காவில் சர்வராக வேலை பார்த்தவள். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஷிஃப்ட் முடிந்ததும் கல்லாவிலிருந்து ஒரு சீட்டு எடுத்துத் தருவார்கள். அன்று என் மேசைகளில் எவ்வளவு விற்பனை ஆனது என்று அதில் இருக்கும். அந்த விற்பனையில் இத்தனை சதவீதம் மேசை துடைக்கும் பையனுக்கு, இத்தனை பாரில் நிற்பவருக்கு, இத்தனை வாசலில் நின்று உட்கார வைக்கும் பெண்ணுக்கு என்று நான் பிரித்துக் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், எனக்கு வந்த டிப்ஸில் சதவீதம் இல்லை. விற்பனையில் சதவீதம். மொத்தம் ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு டாலருக்குச் சாப்பிட்ட ஒரு குடும்பம் எதுவும் வைக்காமல் எழுந்து போனால், அவர்களுக்காக நான் பத்து டாலரை மற்ற மேசைகளின் டிப்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அதாவது அவர்களுக்குப் பரிமாற நான் காசு கொடுத்திருக்கிறேன்.

சட்டத்தோடு சண்டை போட வேண்டும் என்றால் சட்டமன்றத்தில் போடுங்கள். சாப்பாட்டு மேசையில் போடாதீர்கள்.

இன்னொன்று. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் இந்த 2.13 வித்தையே கிடையாது. மாநிலத்தின் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்த பிறகுதான் டிப்ஸ். அங்கேயும் உணவகங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வெட்டிப்பேச்சு எழுதியது:

எல்லாம் சரி, டிப்ஸ் என்பதே நல்ல கவனிப்புக்குத்தானே? அதை எடுத்துவிட்டால் கூப்பிட்டாலும் ஒருவர் திரும்பிப் பார்ப்பாரா? மாதச் சம்பளம் வாங்குகிறவர் காட்டும் அக்கறை நமக்குத் தெரியாதா என்ன.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வெட்டிப்பேச்சு சார், விமான ஓட்டிக்கு டிப்ஸ் கொடுப்பதில்லை, செவிலியருக்குக் கொடுப்பதில்லை. அவர்கள் திரும்பிப் பார்க்காமலா இருக்கிறார்கள்?

சரி, ஆய்வுக்கே வருகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல பத்தாண்டுகளாக டிப்ஸை மட்டுமே குடைந்தவர். கவனிப்பின் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் மிக மெலிதானது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கண்டது. வேறு பல விஷயங்கள் வேலை செய்கின்றன. மேசைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேசினால் டிப்ஸ் ஏறுகிறது. பில்லோடு ஒரு சாக்லேட் வைத்தால் ஏறுகிறது. 1996-இல் வந்த ஓர் ஆய்வில் பில்லின் பின்னால் சிரித்த முகம் வரைந்து பார்த்தார்கள். பெண் சர்வர் வரைந்தபோது டிப்ஸ் ஏறியது. ஆண் வரைந்தபோது ஏறவில்லை.

இது வேடிக்கை என்றால் அடுத்தது வேடிக்கை இல்லை. லின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கவனிப்பு ஒரே தரமாக இருந்தபோதும் கறுப்பினச் சர்வர்களுக்கு வெள்ளையரைவிடக் குறைவாக டிப்ஸ் விழுந்தது. ஒரு முதலாளி தோல் நிறத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைத்தால் வழக்குப் போடலாம். வாடிக்கையாளர் குறைத்தால் யார் மேல் போடுவது?

சமையல்கட்டு எழுதியது:

எல்லாரும் சர்வரைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே அடுப்படியில் வேகிறவனை யாராவது நினைத்தீர்களா?

சனிக்கிழமை இரவு கூட்டம் இரண்டு மடங்கு என்றால் வெளியில் இருப்பவருக்கு டிப்ஸும் இரண்டு மடங்கு. எனக்கு வேர்வை மட்டும் இரண்டு மடங்கு. சாப்பாடு நன்றாக இருந்ததற்கு வைத்த காசும் பரிமாறியவருக்கே போகிறது. 2018 வரை அமெரிக்காவில் சமையல்காரரை டிப்ஸ் பங்கில் கட்டாயமாகச் சேர்க்கலாமா என்பதே இழுபறியாக இருந்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. முதலாளி முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறார் என்றால் சமையல்கட்டையும் பங்கில் சேர்க்கலாம். 2.13 கணக்கு வைத்திருந்தால் சேர்க்கக் கூடாது. முதலாளியோ மானேஜரோ அந்தப் பணத்தில் கை வைக்கவே கூடாது.

ஆக 2.13 முறை இருக்கும் வரை என் பங்கு பூட்டிக் கிடக்கும். மழைக்காகம் அக்கா கோபப்பட வேண்டாம், உங்கள் பத்து டாலர் கதை எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தச் சீட்டில் எங்கள் பெயர் இருந்ததா?

மழைக்காகம் எழுதியது:

இல்லை தம்பி. இருக்கவில்லை.

லண்டன் மெயில் எழுதியது:

பிரிட்டன் நிலவரம். 2009 அக்டோபர் வரை இங்கேயும் டிப்ஸை வைத்துக் குறைந்தபட்சக் கூலியை நிரப்பிக் காட்டலாம் என்றுதான் இருந்தது. அதை மூடினார்கள். அப்புறமும் ஓட்டை இருந்தது. பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று போடுவார்கள், அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கார்டு எந்திரச் செலவு, நிர்வாகச் செலவு என்று சொல்லி ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் கடைகள் இருந்தன.

2024 அக்டோபர் 1 முதல் புதுச் சட்டம். டிப்ஸோ சர்வீஸ் சார்ஜோ, முதலாளி கைக்கு வந்தது முழுவதும் தொழிலாளர்களுக்குப் போக வேண்டும், வருமான வரி போன்ற சட்டப்படியான பிடித்தம் தவிர. வசூலான மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும். எப்படிப் பிரிக்கிறோம் என்று எழுத்தில் வைக்க வேண்டும். ஏஜென்சி வழியாக வந்தவருக்கும் பங்கு உண்டு. தனக்கு எவ்வளவு வந்தது என்று தொழிலாளி கணக்குக் கேட்கலாம்.

வாடிக்கையாளருக்கும் ஒரு தகவல். அந்த 12.5 சதவீதம் விருப்பத்தின் பேரில் என்று பில்லில் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். கேட்கக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்தை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள்.

வரலாற்றுப் பித்தன் எழுதியது:

ஒரு பழைய விஷயத்தைச் சேர்க்கிறேன். டிப்ஸ் அமெரிக்காவின் பிறவிக் குணம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பா போய் வந்த பணக்காரர்கள் கொண்டுவந்து ஒட்டவைத்த பழக்கம். அப்போது அங்கே கடும் எதிர்ப்பு இருந்தது, இது குடியரசுக்கே இழுக்கு என்று. வாஷிங்டன் மாநிலம் 1909-இல் டிப்ஸைச் சட்டம் போட்டே தடை செய்தது. இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1926-க்குள் எல்லாத் தடையும் நீங்கிவிட்டது.

அது ஏன் வேரூன்றியது என்பதுதான் முக்கியம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை ஜார்ஜ் புல்மேனின் படுக்கைப் பெட்டி ரயில் நிறுவனம் ஏராளமாக வேலைக்கு எடுத்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்று ஏற்பாடு. படுக்கை விரித்து, பெட்டி தூக்கி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, இரவெல்லாம் மணியடித்தால் ஓடிவர வேண்டும். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். எல்லாரும் "ஜார்ஜ்"தான், முதலாளியின் பெயர்! அதற்கும் சிரித்துக்கொண்டே வந்தால்தான் அன்றைய டிப்ஸ்.

அவர்கள் 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். டிப்ஸுக்குக் கையேந்தாமல் வாழும் அளவுக்குச் சம்பளம் வேண்டும் என்பது அவர்கள் போராட்டத்தின் மையம். 1937-இல் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது.

1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது உணவக, விடுதித் தொழிலாளிகளை வெளியே நிறுத்திவிட்டார்கள். 1966-இல் உள்ளே சேர்த்தபோது, கூலியில் பாதியை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று முதலாளிகளுக்கு வழிவிட்டுச் சேர்த்தார்கள். 1991-இல் குறைந்தபட்சக் கூலி 4.25. அதில் பாதிதான் கணக்குப்பிள்ளை சொல்லும் 2.13. 1996-இல் அந்தப் பாதிக் கணக்கையும் வெட்டி, 2.13-ஐ மட்டும் அப்படியே உறைய வைத்தார்கள்.

ஸ்கார்பரோ எழுதியது:

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் மதுபானம் பரிமாறுகிற ஆட்களுக்குத் தனியாகக் குறைந்த சம்பளம் இருந்தது. 2022 ஜனவரி 1-ஆம் தேதி அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாருக்கும் ஒரே குறைந்தபட்சம். கியூபெக்கில் மட்டும் டிப்ஸ் வாங்குகிற ஆட்களுக்குக் குறைந்த கூலி இன்னும் உண்டு.

அப்போ இங்கே டிப்ஸ் குறைந்திருக்க வேண்டும்தானே? எங்கே! கார்டு எந்திரத்தை நீட்டினால் 18, 20, 25 என்று வந்து நிற்கிறது. நானே எடுத்து, நானே தூக்கிக்கொண்டு போகிற கோப்பிக்கும் கேட்கிறது. "வேறு தொகை" என்கிற பொத்தான் கண்ணில் படாத மூலையில். பின்னால் வரிசை நிற்கிறது, முன்னால் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இன்னொரு தந்திரம் அண்ணை. அந்தச் சதவீதம் பெரும்பாலும் வரியும் சேர்ந்த தொகைக்குப் போடப்படுகிறது. ஒன்ராறியோவில் வரி 13 சதவீதம். நூறு டாலர் சாப்பாடு 113 ஆகி, அதில் இருபது சதவீதம் 22.60. வரிக்கும் சேர்த்து டிப்ஸ்! கியூபெக்கில் 2025 மே மாதத்திலிருந்து இதைத் தடை செய்துவிட்டார்கள், எந்திரம் வரிக்கு முந்திய தொகைக்குத்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

தோக்கியோவாசி எழுதியது:

டிப்ஸ் இல்லாத நாடு என்றால் எல்லாரும் ஜப்பானைக் காட்டுவார்கள். கவனிப்புக்குக் குறை சொல்ல முடியாது, வெட்டிப்பேச்சு சாரின் சந்தேகத்துக்கு இதுவே பதில். ஆனால் அதை வைத்து இங்கே சர்வர்கள் கொழிக்கிறார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். 2024-க்கு அறிவித்த குறைந்தபட்சக் கூலியின் நாடு தழுவிய சராசரி மணிக்கு 1,055 யென். டாலருக்கு 150 யென் என்று போட்டால் ஏழு டாலர் சொச்சம். அமெரிக்காவின் 7.25-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது! டிப்ஸ் இல்லாமல் அந்தக் கூலியில் வாழ வேண்டும்.

முழுக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய பாணி விடுதிகளில் அறையைக் கவனிக்கும் பெண்மணிக்கு, வந்து சேர்ந்ததும் ஒரு சிறு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. சில்லறையாக, வெறும் நோட்டாக நீட்டுவது மரியாதை இல்லை. குடிக்கப் போகும் கடைகளில் கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வரும், பில்லில் அதற்குக் காசு ஏறும். உட்கார்ந்ததற்கான கட்டணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மழைக்காகம் எழுதியது:

இப்போது நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று பேசப் போகிறேன். 2.13 ஒழிய வேண்டும் என்று ஏழு கடல் தாண்டி இருப்பவர்கள் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் எத்தனையோ சர்வர்களே அதற்கு எதிராகக் கொடி பிடித்தார்கள், தெரியுமா?

மேய்ன் மாநிலத்தில் 2016-இல் மக்கள் வாக்களித்து, டிப்ஸ் தொழிலாளி கூலியைப் படிப்படியாக முழுக்கூலிக்கு உயர்த்தச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம் பழையபடி மாற்றியது. மாற்றச் சொல்லிக் கூட்டமாகப் போய் நின்றவர்களில் சர்வர்கள் நிறையப் பேர். வாஷிங்டன் நகரத்தில் 2018-இல் மக்கள் வாக்களித்ததை நகர மன்றம் ரத்து செய்தது. 2022-இல் மறுபடி வாக்களித்தார்கள். 2025-இல் மன்றம் அதையும் நீர்த்துப்போக வைத்தது. முதலாளிகள் தூண்டிவிட்டார்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. நல்ல கடையில், நல்ல ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு டிப்ஸ் முறையில் மணிக்கு வருவதை எந்தக் குறைந்தபட்சக் கூலியும் எட்டாது. அதை யாராவது தொட்டால் பயம் வரும்தானே. காலை நேரத்துச் சின்னக் கடையில் காப்பி ஊற்றும் அம்மாவின் கதை வேறு. ஆனால் விவாத மேடைக்கு வந்து பேசுவது பெரும்பாலும் முதல் ரகம்தான்.

நியூயார்க்கில் டேனி மேயர் என்ற பெரிய உணவக உரிமையாளர் 2015-இல் டிப்ஸே வேண்டாம், விலையை ஏற்றி எல்லாருக்கும் சம்பளமாகத் தருகிறேன் என்று ஆரம்பித்தார். சமையல்கட்டுத் தம்பிக்குப் பிடிக்கும் ஏற்பாடு அது, உள்ளே இருப்பவர்களின் சம்பளத்தை உயர்த்துவதுதான் நோக்கமே. சர்வர்களில் பலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். 2020-இல் அவரே கைவிட்டார். பக்கத்துக் கடையில் விலை குறைவாகத் தெரியும், டிப்ஸ் அப்புறம்தானே கண்ணில் படும். ஒரு கடை மட்டும் மாறினால் அடிபடும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன் அம்மா. எல்லாக் கடையும் ஒரே நாளில் மாறினால் இந்த விலை ஒப்பீடே எழாது. பிரான்சில் பட்டியலில் போட்ட விலைக்குள்ளேயே சேவையும் வரியும் அடங்கியாக வேண்டும். மேலே நாலு காசு வைப்பது உங்கள் இஷ்டம். டென்மார்க்கில் சட்டம் போட்ட குறைந்தபட்சக் கூலியே கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிக்கும் ஒப்பந்தம்தான் கூலி, அங்கே டிப்ஸை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சிங்கைக்காரி எழுதியது:

சிங்கப்பூரில் டிப்ஸ் கிடையாது, ஆனால் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் உண்டு. அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து. நூறு வெள்ளி (எங்கள் டாலர்) சாப்பாடு 119.90-இல் வந்து நிற்கும். அந்தப் பத்து சதவீதம் பரிமாறுபவருக்குப் போகிறது என்று நம்பிக் கொடுக்கிறோம். போயே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். கடை வருமானத்தோடு கலந்துவிட்டாலும் கேட்க முடியாது.

மலேசியாவில் இது நீதிமன்றம் வரை போனது. விடுதித் தொழிலாளர் சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களில், வசூலாகும் சர்வீஸ் சார்ஜைப் புள்ளி போட்டுப் பிரித்துத் தரும் வழக்கம் இருந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததும், அந்தப் பணத்தையே சம்பளத்தில் சேர்த்துக் காட்டிக்கொள்கிறோம் என்று சில விடுதிகள் கிளம்பின. 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றது. அது வாடிக்கையாளர் தொழிலாளிக்குத் தந்த பணம், அதை எடுத்து முதலாளி தன் கடமையை அடைக்கக் கூடாது. இந்த விவாதத்தின் முதல் பதிவைத் தீர்ப்பாக எழுதினால் இப்படித்தான் வரும்.

பைக்பாண்டி எழுதியது:

மேசையும் இல்லை, கல்லாவும் இல்லை, செயலி மட்டும்தான் முதலாளி என்றால் என்ன ஆகும் தெரியுமா? அமேசான், சொந்த வண்டியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தன் ஃப்ளெக்ஸ் ஓட்டுநர்களுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸை வைத்தே, தான் தருவதாகச் சொன்ன கூலியின் ஒரு பகுதியைக் கட்டிவந்தது. 2021-இல் அமெரிக்க வணிக ஆணையத்தோடு 6 கோடியே 17 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. உணவு கொண்டுவரும் செயலியான டோர்டேஷும் அதே மாதிரி டிப்ஸைக் கழித்துக்கொண்டு அடிப்படைக் கூலி கொடுத்தது. 2019-இல் விஷயம் வெடித்த பிறகு முறையை மாற்றியது. 2025-இல் நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞரோடு 1 கோடியே 67.5 லட்சம் டாலர் சமரசம். நீங்கள் மழையில் வருகிறவனுக்கென்று ஐந்து டாலர் போட்டிருப்பீர்கள். கம்பெனி தன் பங்கில் ஐந்தைக் குறைத்திருக்கும். அவனுக்கு வந்தது அதே தொகை.

2023 இறுதியில் நியூயார்க் நகரம் உணவு கொண்டுபோகும் தொழிலாளிகளுக்கு மணிக் கணக்கில் குறைந்தபட்ச ஊதியத்தை அமலாக்கியது. உடனே பெரிய செயலிகள் என்ன செய்தன? டிப்ஸ் கேட்கும் பக்கத்தை, பணம் கட்டி முடித்த பிறகு வரும்படி தள்ளிவைத்தன. டிப்ஸ் விழுவது குறைந்தது. கூலி ஏறியது வேறு வழியில் இறங்கப் பார்க்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

சரி, விமான ஓட்டி வாதம் வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் ஜெர்மனி போகிறேன். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று யாராவது நேராகச் சொல்லுங்கள், தத்துவம் வேண்டாம்.

லண்டன் மெயில் எழுதியது:

ஐந்து முதல் பத்து சதவீதம், இல்லையென்றால் முழுத் தொகையாக்கிவிடுங்கள். மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். பில் 27.40 யூரோ என்றால், பணம் கொடுக்கும்போதே "முப்பது" என்று சொல்லுங்கள், மீதியை அவர் எடுத்துக்கொள்வார். கையில் சில்லறை இருந்தால் நல்லது. சர்வருக்கு அந்த டிப்ஸுக்கு வருமான வரி இல்லை, அங்கே 2002-லிருந்து அப்படி.

சமையல்கட்டு எழுதியது:

வரி என்றதும் நினைவு வருகிறது. அமெரிக்காவிலும் 2025-இல் டிப்ஸ் வருமானத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வருமான வரிக் கழிவு கொடுத்துவிட்டார்கள், 2028 வரை. சமூகப் பாதுகாப்பு வரி, மருத்துவ வரி வழக்கம்போல உண்டு. அதாவது ஒரே கடையில் ஒரே ஆண்டு வருமானம் வாங்கும் இரண்டு பேரில், டிப்ஸாக வாங்கியவருக்கு வரி குறைவு, கூலியாக வாங்கிய எனக்கு முழு வரி. முதலாளிக்கும் இனிமேல் சம்பளம் ஏற்றுவதைவிட டிப்ஸ் பக்கம் தள்ளிவிடுவதுதான் சுலபம். கணக்குப்பிள்ளை அண்ணா, கூலிக் கணக்கையும் டிப்ஸையும் பிரிக்க வேண்டும் என்றீர்களே, அவர்கள் முடிச்சை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

மழைக்காகம் எழுதியது:

அதிலும் காலைக் கடையில் காப்பி ஊற்றும் அந்த அம்மாவுக்கு எதுவும் கிடைக்காது தம்பி. வருமான வரி கட்டும் அளவுக்கே அவர் சம்பாதிப்பதில்லை.